நகை வேறு, உவகை வேறு

முத்தமிழுக்கு வணக்கம் செலுத்தாமல் தமிழர் மேடைகளில் எந்த விழாவும் தொடங்குவதில்லை. இயலுக்கு ஒரு சொற்பொழிவு உண்டு. நாடகத்துக்கு ஓர் ஓரங்கம் உண்டு. இசைக்கு உரிய இடம் எதுவெனின், தலைமை விருந்தினர் வந்து சேரும்வரை கூட்டத்தை இருக்கையில் இருத்திவைக்கும் இடமே அது. அந்த இடைவெளியை நிரப்பத் தேர்ந்தெடுக்கப்படும் 'வேடிக்கைப் பாட்டு' வரிசையில் ஜே. பி. சந்திரபாபுவின் பாடல்களுக்கு நிலையான இருக்கை போடப்பட்டுள்ளது. ஒரு மாணவனுக்குத் தொளதொளத்த காற்சட்டையும் கோணல் தொப்பியும் மாட்டிவிட்டு, இடுப்பை வளைக்கவும் கண்ணை உருட்டவும் பழக்கி மேடையேற்றினால் போதும், கைதட்டல் கிடைத்துவிடும். பாட்டு என்ன சொல்கிறது என்று எவரும் கேட்பதில்லை. அது எப்படிப் பாடப்பட்டது என்று கேட்பாரோ இல்லவே இல்லை.

இந்தச் செவிட்டுத்தனம் சிறு குறை என்று ஒதுக்கத்தக்கதன்று. சிரிப்பை மகிழ்ச்சி என்று எண்ணும் பிழை இதன் அடியில் கிடக்கிறது. தமிழ் இலக்கணமே தெளிவாக விலக்கிவைத்த பிழை அது. அதைத் தமிழ் கற்பிப்பவர்களே செய்வது வியப்புக்குரியது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. எட்டில் முதலாவது நகை, இறுதியானது உவகை. இரண்டும் ஒன்றாயின் ஆசிரியர் இரண்டாக எண்ணியிருக்க மாட்டார். எண்ணினாலும் ஒன்றை வரிசையின் தலையிலும் மற்றதை அதன் கடையிலும் நிறுத்தியிருக்க மாட்டார். நகைக்கு அடுத்த இருக்கை உவகைக்குத் தரப்படவில்லை, அழுகைக்கே தரப்பட்டது. இவற்றின் பிறப்பிடங்களும் வேறு வேறு. உவகை செல்வத்திலும் புலனிலும் புணர்விலும் விளையாட்டிலும் பிறக்கிறது. நிறைவு உள்ள இடங்கள் இவை. நகையோ எள்ளலிலும் இளமையிலும் பேதைமையிலும் மடமையிலும் தோன்றுகிறது. ஏதோ ஒரு குறை வெளிப்படும் இடங்கள் இவை. உரையாசிரியர் பேராசிரியர் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். எள்ளலை அவர் இரண்டாகப் பகுக்கிறார்: பிறரை எள்ளித் தான் நகுவது ஒன்று, பிறரால் தான் எள்ளப்பட்டபோது தானே நகுவது மற்றொன்று. இந்த இரண்டாவது நகையின் அருமை, எள்ளப்பட்டு வாழ்ந்தவர்க்கே முழுதும் விளங்கும். சந்திரபாபுவின் தலைசிறந்த பாடல்கள் அனைத்தும் அந்த வகையைச் சேர்ந்தவை.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். 1959-இல் வெளிவந்த 'சகோதரி' படத்தில் அவர் தம்மையே முட்டாள் என்று அறிமுகம் செய்துகொண்டு பாடுகிறார். 1962-இல் 'அன்னை' படத்தில் அறிவும் வெற்றியும் ஓரிடத்தில் சேர்ந்து வாழ்வதில்லை என்று கணக்குக் காட்டுகிறார். 1964-இல் 'ஆண்டவன் கட்டளை' படத்தில் சிரிப்பே பாடுபொருள் ஆகிறது. உலகத்தைப் பார்க்கப் பார்க்கத் தமக்குச் சிரிப்பு வருவதாகச் சொல்கிறார். 1961-இல் 'குமார ராஜா' படத்தில் உலகமே விளங்கவில்லை என்று கைவிரிக்கிறார். நான்கிலும் தாளம் துள்ளுகிறது, மெட்டு மகிழ்கிறது, உடல் ஆடுகிறது. சொல்லப்படும் பொருளோ முட்டாள்தனம், தோல்வி, உலகின் பொய்ம்மை, விளங்காமை. இவற்றில் ஒன்றேனும் உவகையின் நான்கு பிறப்பிடங்களில் ஒன்றிலிருந்து வந்ததா? இல்லை. பேதைமையும் மடமையும் தம்மைத்தாமே எள்ளலும் வாய்திறந்து பாடுகின்றன.

1960-இல் வந்த படத்தின் பெயர் இன்னும் கூர்மையானது. கவிஞர் கண்ணதாசன் தயாரித்து, சந்திரபாபுவைக் கதைத்தலைவனாக்கிய அந்தப் படத்துக்குக் 'கவலை இல்லாத மனிதன்' என்று பெயர். அதில் அவர் பாடிப் பெயர்பெற்ற பாட்டோ மனிதப் பிறவியின் அழுகையைப் பற்றியது! பெயர்ப்பலகையில் கவலை இல்லை. குரலில் அது இருந்தது. படம் கண்ணதாசனுக்குப் பெரும் பொருளிழப்பைத் தந்தது. படப்பிடிப்புக் காலத்தில் சந்திரபாபுவால் பட்ட பாட்டைக் கவிஞரே பின்னர் எழுதியிருக்கிறார். அவ்வாறு காயப்பட்ட கவிஞர்தாம் அடுத்த நான்கு ஆண்டுகளுக்குள் 'அன்னை' பாட்டையும் 'ஆண்டவன் கட்டளை' பாட்டையும் அதே பாடகருக்காக எழுதினார். ஊர் வேடிக்கைக்காரன் என்று கொண்டாடிய ஒருவருக்குள் என்ன இருந்தது என்பதை, அவரால் இழப்புற்றவர் அறிந்திருந்தார் போலும்.

வாழ்க்கை வரலாற்றை இவ்விடத்தில் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும்; அதற்கு மேல் தேவையில்லை. 1927-இல் தூத்துக்குடியில் பிறந்தார். ஊரின் பனிமய மாதா பெயரையே தம் பெயரில் தாங்கிய கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. தந்தையார் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு ஆங்கில அரசால் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டதனால் இளமை கொழும்பில் கழிந்தது. 1943-இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. 1947-இல் 'தன அமராவதி' படத்தில் தலைகாட்டினார். வாய்ப்புக்காக ஜெமினி நிறுவனத்தின் வாயிலில் காத்துச் சலித்து 1952-இல் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார், காப்பாற்றப்பட்டார். அவ்வாண்டு அந்நிறுவனத்தின் 'மூன்று பிள்ளைகள்' படத்திலேயே நடித்தார். 1958-இல் நடந்த திருமணம் விரைவில் முறிந்தது. அவ்வாண்டிலேதான் 'சபாஷ் மீனா'வில் இரட்டை வேடம் பூண்டு தமிழ்நாட்டையும் இலங்கையையும் மலாயாவையும் வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தார். பின்னர் 'மாடி வீட்டு ஏழை' என்று பெயரிட்டுத் தாமே தொடங்கிய படம் பாதியில் நின்றது, கடன் ஏறியது, ஆசையாகக் கட்டிய வீடு கைவிட்டுப் போனது. 1966-இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தை எழுதி இயக்கினார். தட்டிய கதவு திறக்கவில்லை. 1974 மார்ச் 8-ஆம் நாள், 46 வயதில், இறந்தார்.

இந்த வரலாற்றைக் கேட்டதும் இருவகையினர் எழுந்து நிற்பர். ஒருவகையினர், "குடித்தான், செருக்கோடு நடந்தான், கெட்டான், இதில் இரங்க என்ன இருக்கிறது?" என்பர். ஒழுக்கத் தீர்ப்பு வழங்குவது எளிது. பாட்டைக் கேட்பதே கடினம். அவர் குடித்தார் என்பதனால் குரலில் உள்ளது இல்லாமற் போய்விடாது. கேட்கும் வேலையிலிருந்து தப்பிக்கக் கண்டுபிடிக்கப்பட்ட வழி இது என்பதற்கு மேல் இதற்கு மறுமொழி தேவையில்லை.

மற்றொரு வகையினர் இன்னும் ஆபத்தானவர்கள். ஏனெனில் அவர்கள் அன்புடையவர்கள். அவர்கள் சந்திரபாபுவின் ஒவ்வொரு பாட்டையும் கண்ணீர்க் குடமாகக் காண்பர். எந்தப் பாட்டு ஒலித்தாலும் "பாவம், மனைவி பிரிந்தாள்" என்பர். "பாவம், வீடு போயிற்று" என்பர். பாட்டு நோய்ச்சீட்டு ஆகிவிடுகிறது. இவர்களுக்குச் சில எளிய உண்மைகளை நினைவூட்ட வேண்டும். சந்திரபாபு பாடிய சொற்கள் பெரும்பாலும் அவர் சொற்கள் அல்ல. 'சகோதரி', 'அன்னை' பாடல்களின் மெட்டு ஆர். சுதர்சனத்துடையது, 'ஆண்டவன் கட்டளை' மெட்டு விசுவநாதன் - ராமமூர்த்தியுடையது. 'சகோதரி'யில் அவர் வரும் பகுதியோ, படம் முழுதும் எடுத்து முடிந்த பின்னர், தொய்வு தெரிகிறது என்று கருதிய ஏவி. மெய்யப்பன் புதிதாகச் சேர்த்தது. அதாவது, பிறர் கதையின் ஓட்டையை அடைக்க விலைக்கு வாங்கப்பட்ட சிரிப்பு அது. அதற்கும் அவர் இல்லற வாழ்வுக்கும் நேரடிக் கோடு இழுப்பவர், ஒரு நடிகனின் தொழிலையே அவமதிக்கிறார். 1954-இல் 'பெண்' படத்தில் வீணை வித்துவான் எஸ். பாலசந்தருக்காகத் திருமண ஆசையைப் பாடியவரும், அவ்வாண்டில் 'கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி'யில் சிவாஜி கணேசனுக்காகக் குதூகலம் பாடியவரும் இவரே. அப்போது அவருக்குத் திருமணமும் ஆகவில்லை, முறிவும் நேரவில்லை.

எல்லாப் பாட்டிலும் துயரம் இருக்கிறது என்பதும் பொய். 1959-இல் 'மரகதம்' படத்தில் ஜமுனாராணியோடு சேர்ந்து அவர் பாடிய இணைப்பாட்டில் ஒளித்துவைத்த எதுவும் இல்லை. இரு குரல், ஒன்று அழைக்கிறது, மற்றது விடை சொல்கிறது. அது விளையாட்டில் பிறந்த உவகை. தொல்காப்பியர் கைவைத்துச் சொன்ன உவகை. அந்தப் பாட்டைக் கேட்ட செவியோடு 'அன்னை' பாட்டைக் கேட்டால் வேறுபாடு தானே விளங்கும். பின்னதில் விடை சொல்ல ஆள் இல்லை.

ஆனால், தனிமை எங்கே இருக்கிறது? சொல்லில் இல்லை, வரலாற்றிலும் இல்லையெனின் அது எங்கிருந்து கேட்கிறது? விடை ஒன்றுதான்: குரலில்.

தமிழ்த் திரைப்பாட்டில் 'யோடலிங்' என்னும் பாடுமுறையைக் கொண்டுவந்து நிலைநாட்டியவர் சந்திரபாபு. நெஞ்சிலிருந்து எழும் கனத்த குரலைச் சட்டென்று முறித்துத் தலைக்குள் ஒலிக்கும் மெல்லிய உச்சக் குரலுக்குத் தாவுவதும், மீண்டும் கீழே விழுவதும் அதன் இயல்பு. இதை மேலைநாட்டுக் கோமாளித்தனம் என்று நகைப்பவர்கள் அதன் பிறப்பை எண்ணிப் பார்த்ததில்லை. ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளில் ஆடுமாடு மேய்த்த இடையர், ஒரு மலையிலிருந்து மறுமலைக்குத் தம் இருப்பை அறிவிக்க எழுப்பிய கூவலே அதன் வேர். குரலின் அந்த முறிவு அழகுக்காகத் தோன்றியதன்று. தொலைவைக் கடப்பதற்காகத் தோன்றியது. பக்கத்தில் ஆள் இருப்பவன் அப்படிக் கூவ வேண்டியதில்லை. பின்னர் அமெரிக்காவில் ஜிம்மி ரோஜர்ஸ் என்னும் இரயில்வேத் தொழிலாளி அந்தக் கூவலை எடுத்துத் துயரப்பாட்டின் முடிவில் வைத்தார். 1927 முதல் அப்பாடல்கள் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. எலும்புருக்கி நோயால் 1933-இல் அவர் மறைந்தார். சந்திரபாபு பிறந்த ஆண்டிலே தொடங்கிய இசைத்தட்டுகள் என்பது தற்செயல்தான். ஆயினும் நினைவில் வைக்கத் தக்க தற்செயல். இந்திப் படவுலகில் கிசோர் குமார் இம்முறையைக் கையாண்டார். அவரும் உலகுக்குக் கோமாளி.

ஆக, இடுப்பை ஆட்டிக்கொண்டு சந்திரபாபு எழுப்பும் அந்த உச்சக் குரல், மறுமலையில் யாரேனும் இருக்கிறார்களா என்று கேட்கும் குரல். விடை வருவதற்காக அவர் காத்திருப்பதில்லை. தாளம் காத்திருக்க விடுவதில்லை. உடனே அடுத்த அடிக்குப் போய்விடுகிறார். மேடையில் சிறுவனுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் இந்தக் கூவலைத்தான் 'குறும்பு' என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்.

மலாக்கா மாநிலத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கூவல் புதியதன்று. பால்மரம் வெட்டும் தொழிலைப் போலத் தனிமையான தொழில் வேறு இல்லை. பெரட்டு முடிந்ததும் விடியாத இருளில் ஒவ்வொருவரும் தம் தம் வெட்டுக்குப் பிரிந்து போவர். நானூறு, ஐந்நூறு மரங்கள், ஒரு கத்தி, தலையில் ஒரு விளக்கு, சுற்றிலும் ஒரே மாதிரி நிற்கும் நிரைகள். அடுத்த நிரையில் ஆள் உண்டா என்று அறிய ஒரே வழி, கூவிப் பார்ப்பதுதான். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, டுரியான் துங்கால் வட்டாரங்களில் வேலை செய்த தலைமுறை அந்தக் கூவலைக் கொடுத்தும் வாங்கியும் வாழ்ந்த தலைமுறை. மாலையில் தோட்டத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டப்பட்டபோது, சந்திரபாபு குரலை முறித்துக் கூவினால் திடலெங்கும் பதில் கூவல் எழுந்ததென்றால் அதில் வியப்பில்லை. திரையில் தனித்து நின்ற ஒருவருக்குத் திடல் தந்த விடை அது.

அவருடைய புகழ்பெற்ற பாடல்கள் வந்த 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்ட ஆண்டுகள் எத்தகையவை என்பதையும் எண்ண வேண்டும். விடுதலைக்குப் பின் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டுச் சிறு சிறு பங்குகளாக விற்கப்பட்ட காலம் அது. லயத்தில் பிறந்து லயத்திலேயே வளர்ந்தவர்கள், அந்த லயம் நாளை யாருடையது என்று தெரியாமல் நின்றார்கள். துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அந்தத் துண்டாடலைத் தடுப்பதற்காகத்தான். 1969-இல் வேலை அனுமதிச் சீட்டு முறை வந்தபோது குடியுரிமை பெறாதோர் பலர், பெட்டி கட்டிக்கொண்டு 'ரஜூலா' போன்ற கப்பல்களில் ஏறினர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறங்கிய அவர்களிற் சிலருக்கு அந்தக் கரை முதற் கரை. இந்த மக்கள்தாம், உலகமே விளங்கவில்லை என்று திரையில் ஒருவர் கைவிரித்துப் பாடியபோது சிரித்தவர்கள். அவர்கள் மகிழ்ச்சியினால் சிரித்தார்கள் என்று எழுதுபவன் அவர்களை அறியாதவன். அவர்களுடைய நகை, பேராசிரியர் பகுத்த இரண்டாம் வகை நகை. கள்ளுக்கடைத் திண்ணையிலும் அதே பாட்டு ஒலித்தது. அங்கே அதைப் பாடியவருக்கு வீட்டில் விடை சொல்ல ஆள் இருந்ததா என்பதை எந்தக் கணக்கெடுப்பும் எழுதிவைக்கவில்லை.

"இலக்கிய வகுப்பில் திரைப்பாட்டுக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. இக்கேள்வியில் நேர்மை இல்லை. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் பாட்டு என்றால் இவர்களே கதவைத் திறந்துவிடுவர். ஏனெனில் அதில் அறிவுரை இருக்கிறது. கரும்பலகையில் எழுதிப் போடலாம். சிரிப்புக்குள் சீர்திருத்தம் இருந்தால் இலக்கியம். தனிமை இருந்தால் வேடிக்கை! கலைவாணர் பெருங்கலைஞர் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் எல்லாச் சிரிப்பும் பாடம் நடத்தவே வேண்டும் என்ற நிபந்தனையை எந்த இலக்கண நூல் விதித்தது? சந்திரபாபு யாருக்கும் எதையும் போதிக்கவில்லை. முட்டாள் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர், கேட்பவனைத் திருத்த முயலவில்லை. அவன் பக்கத்தில் வந்து நின்றார். அதனால்தான் பாடநூல் மனப்பான்மைக்கு அவர் பிடிபடவில்லை.

இன்னொரு தடை குறளின் பெயரால் வருகிறது. துன்பம் வரும்போது நகுமாறு வள்ளுவர் இடுக்கண் அழியாமை அதிகாரத்தில் சொன்னதை எடுத்துக்காட்டி, "சந்திரபாபு அதைத்தான் செய்தார், துன்பத்தைச் சிரித்து வென்றார்" என்று மேடையில் முடித்துவிடுகிறார்கள். வென்றாரா? 46 வயதில், கடனில், வீடிழந்து இறந்தவர் எதை வென்றார்? அந்த அதிகாரம் இடுக்கணைக் கடக்கும் ஊக்கத்தைப் பேசுகிறது. இடுக்கணை மறைத்துக்கொண்டு பிறரை மகிழ்விக்கும் தொழிலைப் பேசவில்லை. இரண்டும் வேறு. குறளைப் போர்வையாக விரித்து ஒருவருடைய வலியை மூடுவது, குறளுக்கும் நியாயமன்று, அவருக்கும் நியாயமன்று.

இந்த மண்ணிலேயே இதற்கு இணையான ஒருவர் வாழ்ந்தார் என்பதை மலேசியத் தமிழாசிரியர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். 1929-இல் பினாங்கில் பிறந்த பி. ரம்லி, பாடகர், இசையமைப்பாளர், நடிகர், இயக்குநர் என அனைத்துமாக விளங்கினார். 1957-இல் அவர் இயக்கிய 'புஜாங் லாப்போக்' படத்தில் நகரத்துக்குப் பிழைக்க வந்து வாடகை அறையில் ஒண்டியிருக்கும் மூன்று மணமாகாத ஆடவர்களைப் பார்த்து மலாய் உலகம் சிரித்தது, இன்றும் சிரிக்கிறது. வாடகை அறை, காலியான சட்டைப்பை, பெண் கேட்கத் துணிவில்லாமை - சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்தால், அங்கேயும் உவகை இல்லை. 1964-இல் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்கு வந்த பின் அவருக்குச் சரிவு. 1972-இல் வந்த 'லக்சமானா டோ ரே மி' அவர் இயக்கிய இறுதிப் படம். 1973 மே 29-இல், 44 வயதில், மாரடைப்பால் இறந்தார். அவருடைய கடைசி இசையமைப்பு என்று கூறப்படும் பாட்டின் பெயரில் கோலாலம்பூரும் கண்ணீரும் சேர்ந்து நிற்கின்றன. ரம்லி இறந்து பத்து மாதம் நிறைவதற்குள் சந்திரபாபு இறந்தார்.

பின்பு நடந்ததில்தான் வேறுபாடு. மலாய்ச் சமுதாயம் ரம்லியை மீண்டும் கேட்கக் கற்றுக்கொண்டது. அவர் பெயரில் கோலாலம்பூரில் சாலை உண்டு. அவர் வாழ்ந்த வீடு நினைவில்லம் ஆயிற்று. 1990-இல், இறந்து பதினேழு ஆண்டுகள் கழித்து, 'தான் ஸ்ரீ' விருது அளிக்கப்பட்டது. காலம் தாழ்ந்த மரியாதைதான். பசித்தபோது கிடைக்காத சோறு அது என்று குறை சொல்வாரும் உளர். ஆயினும் அவருடைய நகைச்சுவையை ஆராயத்தக்கது என்று அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். தமிழரோ சந்திரபாபுவின் குரலை இன்றும் இடைவேளையில்தான் வைத்திருக்கிறார்கள்.

இதனால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். பாடகர் இறந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயின; அவருக்கு இழப்பில்லை. இழப்பு வகுப்பறைக்கு. எந்த வகுப்பிலும் ஒரு மாணவன் இருக்கிறான். ஆசிரியர் பெயர் கூப்பிடும்போதே ஏதேனும் சொல்லி வகுப்பைச் சிரிக்க வைப்பான். அவனுக்கு 'கோமாளி' என்று பட்டம் கிடைக்கும். விழா வந்தால் அவனுக்குத்தான் கோணல் தொப்பி மாட்டப்படும். அவன் வீட்டைப் பற்றி எவரும் கேட்பதில்லை. சிரிக்கிறவனுக்கு என்ன குறை? தேர்வுத்தாளில் எட்டு மெய்ப்பாடுகளையும் வரிசை பிசகாமல் எழுதினால் மதிப்பெண் தரும் ஆசிரியர், தம் முன்னால் நிற்கும் ஒரு முகத்தில் நகையையும் உவகையையும் பிரித்தறியாவிட்டால், அந்தச் சூத்திரம் யாருக்காக எழுதப்பட்டது?

புக்கிட் பெருவாங் என்பதற்குக் கரடிக் குன்று என்பது பொருள். அந்த வட்டாரத்தில் இன்று பல்கலைக்கழக வளாகமும் வீடமைப்புப் பகுதிகளும் கடைவரிசைகளும் நிற்கின்றன. தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகள் பல மாநிலங்களிலிருந்து அங்கே படிக்க வந்து, மூவரும் நால்வருமாய் வாடகை அறைகளில் தங்குகிறார்கள். ரம்லியின் மூன்று ஆடவர்களைப் போலவே. தாத்தா திடலில் ஆயிரம் பேரோடு கேட்ட பாட்டைப் பேரன் காதுக்குள் கருவியைச் செருகிக்கொண்டு தனியே கேட்கிறான். தாத்தாவின் காலத்தில் கூவலுக்குத் திடல் விடை சொன்னது. இப்போது அறையில் இருக்கும் மற்றவனுக்கே பாட்டு கேட்பதில்லை. வேடிக்கைப் பாட்டு என்று மட்டுமே கற்பிக்கப்பட்டிருந்தால் பேரனுக்கு அதில் வேடிக்கை மட்டுமே கிடைக்கும். தன்னைப் போல ஒருவன் 1962-இலேயே பாடிவைத்திருக்கிறான் என்ற செய்தி கிடைக்காது.

தமிழாசிரியர்கள் பாடத்திட்டத்தை மாற்றக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பாடவேளை போதும். மெய்ப்பாட்டியல் நடத்தும் நாளில் 'மரகதம்' இணைப்பாட்டையும் 'அன்னை' பாட்டையும் அடுத்தடுத்து ஒலிக்கவிடலாம். இரண்டும் துள்ளும் பாட்டு. இரண்டும் ஒரே குரல். எது நகை, எது உவகை என்று மாணவரைக் கேட்கலாம். பாடகரின் வரலாற்றை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. சொன்னால் காதுக்குப் பதில் இரக்கம் விடை எழுதிவிடும். கேட்டு முடித்த பின், உச்சக் குரலில் அவர் கூவும் இடத்தை மட்டும் மீண்டும் ஒருமுறை ஒலிக்கவிட்டு, அந்தக் கூவல் யாரை நோக்கியது என்று கேட்க வேண்டும். கடைசி வரிசைக் கோமாளியிடமிருந்தே முதல் விடை வரக்கூடும்.